இலவசக் கல்வியின் எழுதாக் கணக்கு: வன்னியில் இடைநிலைப் படிப்பும் குடும்பச் செலவும்

இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததென்றும், அன்று முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை எந்தப் பிள்ளையும் கட்டணமின்றிக் கற்கும் உரிமை பெற்றதென்றும் கல்வி வரலாற்று நூல்கள் எழுதிவருகின்றன. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் இயங்கிய விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையே அதற்கு அடித்தளம் என்பதும், நாடெங்கும் 54 மத்திய கல்லூரிகள் எழுந்ததும் அந்நூல்களில் பெருமையுடன் இடம்பெறும் செய்திகள். அவை உண்மையே. ஆயினும் ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலத்திலிருந்து பார்க்கும்போது அந்த ஒக்டோபர் மாதத்தின் பயன் அவ்வளவு தெளிவானதல்ல. அந்நாளில் கட்டணம் அறவிட்டவை பெரும்பாலும் ஆங்கிலமொழிப் பாடசாலைகளே. தமிழ், சிங்கள மொழிப் பாடசாலைகளில் கட்டணம் முன்னரே இருக்கவில்லை. ஆங்கிலப் பாடசாலை என்பதையே அரிதாகக் கண்ட வன்னிக் கிராமத்தவர், தாம் ஒருபோதும் செலுத்தியிராத ஒரு கட்டணத்திலிருந்துதான் 1945இல் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் உண்மையில் செலுத்திக்கொண்டிருந்த செலவு வேறு வகையானது. அதைப் பற்றி அறிக்கையோ சட்டமோ பேசவில்லை.

அந்தச் செலவை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம். கொப்பி, சப்பாத்து, சீருடைத் தையற்கூலி, பஸ் கட்டணம், ரியூசன் பணம் எனக் காசாகக் கைமாறுவது முதலாவது. பாடசாலைக்குக் கிடுகு பின்னிக் கொடுத்தல், சிரமதானம், விடுதிக்கு அரிசி அனுப்புதல் எனப் பொருளாகவும் உழைப்பாகவும் போவது இரண்டாவது. பிள்ளை வகுப்பறையில் இருக்கும் நேரத்தில் வயலிலோ கடற்கரையிலோ வீட்டிலோ செய்திருக்கக்கூடிய வேலையின் பெறுமதி மூன்றாவது; ஒன்றைத் தெரிவுசெய்வதற்காகக் கைவிடப்படும் மற்றொன்றின் பெறுமதியாகிய இதனைப் பொருளியலார் அமையச் செலவு என்பர். ஆரம்பப் பிரிவில் இம்மூன்றும் சிறியவை. தரம் 6 தொடக்கம் 13 வரை நீளும் இடைநிலைப் பிரிவிலோ பாடசாலை தூரமாகிறது, பாடங்கள் பெருகுகின்றன, பிள்ளையின் உழைப்புக்கும் ஊரில் கூலி கிடைக்கும் வயது வந்துவிடுகிறது; மூன்று கூறுகளும் ஒருசேர ஏறுகின்றன. வன்னியில் கல்வி நியாயம் பற்றிய கேள்வி எப்போதும் இந்த ஏற்றத்தில்தான் நின்றிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வன்னியின் நிலையை அறிய 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்றும் உதவுகிறது. உடைந்த குளங்கள், காய்ச்சல், ஒன்றுக்கொன்று காட்டுவழியால் பிரிந்த சிற்றூர்கள் என அது காட்டும் நிலப்பரப்பில் மாணவர்களைத் திரட்டி ஒரு பெரிய பாடசாலையை நடத்துவது எந்தச் சமய நிறுவனத்துக்கும் எளிதாக இருந்திருக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிஷன்களும் சைவ அமைப்புகளும் போட்டியிட்டுக் கல்லூரிகளை எழுப்பிய அதே காலத்தில், வன்னியில் அவை பெரும்பாலும் சிறிய ஆரம்பப் பாடசாலைகளுடன் நின்றுகொண்டன. போட்டி இல்லாத இடத்தில் கல்லூரி எழவில்லை என்பதைக் குறையாகச் சொல்வது எளிது. மக்கள்தொகை இல்லாத இடத்தில் போட்டிக்கு இடமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், பின்னர் மலேரியா கட்டுப்பட்டதும் இந்நிலையை மாற்றின. கிளிநொச்சியைச் சூழ்ந்த குடியேற்றத் திட்டங்களிலும், பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களிலும் வயற்காணியும் மேட்டுக்காணியும் பெற்றுக் குடியேறியோரில் பெரும்பகுதியினர் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள். காடு வெட்டிக் கழனியாக்கிய இவர்கள் தம்முடன் கொண்டுவந்தவற்றுள், பிள்ளை படித்தே ஆகவேண்டும் என்ற யாழ்ப்பாண நம்பிக்கையும் ஒன்று. கிடுகு வேய்ந்த கொட்டகையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளை அதற்குமேல் படிக்க வேண்டுமாயின் குடாநாட்டிலுள்ள பாட்டன் பாட்டி வீட்டிலோ, மாமன் வீட்டிலோ, கல்லூரி விடுதியிலோ விடப்பட்டது. அதற்கு ஈடாக அறுவடைக்குப் பின் நெல்மூட்டை வடக்கே போனது. உறவினர் வீட்டில் சாப்பாட்டுக்குக் காசு கேட்பது வழக்கமல்லவாதலால், மூட்டை நெல்லே கட்டணமாக நின்றது. எந்தப் பற்றுச்சீட்டும் இல்லாத இந்தக் கொடுக்கல் வாங்கல், இலவசக் கல்வியின் முதல் மூன்று தசாப்தங்களில் வன்னி விவசாயி இடைநிலைக் கல்விக்குச் செலுத்திய விலையின் முக்கிய வடிவமாகும். பெண்பிள்ளையை அவ்வாறு வெளியே விடத் தயங்கிய குடும்பங்களில் அவளது படிப்பு ஊர்ப் பாடசாலையின் கடைசி வகுப்போடு முடிந்ததையும் இதே கணக்கில் எழுத வேண்டும்.

குடாநாட்டில் ஒரு வீடும் ஓர் உறவும் இருப்பது, இவ்வகையில், ஒரு சொத்தாகவே இயங்கியது. அச்சொத்து இல்லாதவர்களும் வன்னிக்கு வந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும் எழுபதுகளில் தோட்டங்களில் ஏற்பட்ட பட்டினியாலும் மலையகத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், ஜெயபுரம் போன்ற கிராமங்களிலும் வவுனியாவின் எல்லைப்புறங்களிலும் குடியமர்ந்தன. அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மேட்டுக்காணி அல்லது பிறர் வயலில் கூலிவேலை. காந்தீயம் இயக்கம் வவுனியாவைத் தளமாகக் கொண்டு பண்ணைகளையும் பாலர் பாடசாலைகளையும் நடத்தி அவர்களது சிறுபிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. ஆயினும் 1983இல் அதன் பணி முடக்கப்பட்டது. இடைநிலை வகுப்புக்கு வந்த பிள்ளைக்கோ வேறொரு செலவு காத்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றோராக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை என ஒவ்வொரு தாளுக்கும் கச்சேரிக்கும் கிராம அலுவலரிடமும் அலைந்து, ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டியிருந்தது. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாளத்தை நிரூபிக்க வேண்டிய நாட்டில், ஆவணமின்மையும் ஒரு கல்விச் செலவே. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் இச்சுமையைப் பெருமளவு இறக்கியது.

எழுபதுகளின் முற்பகுதி குடியேற்ற விவசாயிகளுக்கு நல்ல காலம். மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் விளைந்தவை நல்ல விலைக்குப் போயின. உழவு இயந்திரம் வாங்கியவர்களும் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டவர்களும் அக்காலத்தில் பெருகினர். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி தளர்ந்தபோது அந்த விலை சரிந்தது. பாடநூல்கள் 1980 முதல் இலவசமாக வழங்கப்பட்டன என்பது அதே அரசின் நற்பணிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுவது, அது நற்பணிதான். ஆனால் பாடநூலின் விலையை அரசு ஏற்றுக்கொண்ட அதே ஆண்டுகளில் விடுதிச் செலவைக் கொடுத்துவந்த மிளகாய்த் தோட்டம் நட்டத்தில் விழுந்ததை, கல்வித்துறையின் வரலாற்றையும் விவசாயத்தின் வரலாற்றையும் தனித்தனியே படிப்பவர் காணமாட்டார்.

கல்வி நியாயம் என்ற பெயரில் இக்காலத்தில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் பல்கலைக்கழக அனுமதி பற்றியது. மொழிவாரியான தரப்படுத்தல் 1971இலும், மாவட்ட ஒதுக்கீட்டு முறை 1974இலும் வந்தன. குடாநாட்டுத் தமிழ் இளைஞரிடையே இவை விளைத்த கசப்பும் அதன் அரசியல் பின்விளைவும் பல நூல்களில் எழுதப்பட்டுள்ளன. வன்னியின் பக்கம் அவ்வளவாக எழுதப்படவில்லை. பின்தங்கியது எனக் கருதப்பட்ட வவுனியா மாவட்டம் ஒதுக்கீட்டால் பயன்பெற்றது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல்தான் என்பதால் அதன் பெரும்பகுதியும் அன்று வவுனியாவோடு சேர்ந்தே எண்ணப்பட்டது. கிளிநொச்சியின் நிலை இதற்கு நேர்மாறானது. அது 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே ஒதுக்கீடு தொடங்கிய முதற் பத்தாண்டில், இரணைமடுவின் கீழ் வயல் செய்த குடியேற்றவாசியின் மகனும் யாழ்ப்பாண நகரத்தின் பெருங்கல்லூரி மாணவனும் ஒரே மாவட்டத்துப் போட்டியாளராகவே கணிக்கப்பட்டனர். நிர்வாக எல்லையை வறுமையின் எல்லையாகக் கொள்ளும் எந்த முறைக்கும் இத்தகைய குருட்டுப் புள்ளி இருக்கும். ஆனால் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்றைய முறையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீத இடங்கள் மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. வன்னியின் மூன்று மாவட்டங்களும் அப்பதினாறில் அடங்கும். மாணவரின் மாவட்டம் எது என்பதைத் தீர்மானிப்பது அவர் உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் கற்ற பாடசாலையாகும். வசதியுள்ள வெளியார் கடைசி நேரத்தில் பின்தங்கிய மாவட்டத்தில் பதிந்து இடத்தைக் கவர்வதைத் தடுக்கும் விதி என்ற வகையில் இது நியாயமானதே. ஆனால் இதன் மறுபக்கத்தை ஒரு வன்னிக் குடும்பம் நன்கு அறியும். பௌதிகவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ தன் ஊரில் ஆசிரியர் இல்லாத மாணவி யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு மாறினால் மாவட்டத்தின் சலுகையை இழக்க நேரலாம். ஊர்ப் பாடசாலையிலேயே இருந்தால் ஆசிரியரை வேறெங்காவது விலைக்குத் தேட வேண்டும். ஊர்ப் பாடசாலையில் பெயர் இருக்க, வார இறுதியில் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறி ரியூசனுக்குச் செல்வதே இதற்குக் கிடைக்கும் வழி. ஒதுக்கீடு பயணத்தின் முடிவில் நிற்கும் வாயிலைத் திறந்துவைக்கிறது. அவ்வாயில் வரையான பஸ் கட்டணம் குடும்பத்தின் பொறுப்பு. இதனால் மாவட்டத்தின் இடங்களை மாவட்டத்துக்குள்ளேயே வசதி கூடியவர்கள், குறிப்பாக நகர்ப்புறத்தார், அதிகம் பெறுவதில் வியப்பில்லை. வவுனியா நகரமும் நெடுங்கேணியும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை எந்த ஒதுக்கீடும் கணக்கெடுப்பதில்லை.

பாடசாலைகளின் வகைப்பாடு இதைத் தெளிவாக்கும். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. தரம் 11 வரை மட்டும் உள்ளவை வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை வகை 3. வன்னியின் பரப்போடு ஒப்பிட 1ஏபி பாடசாலைகள் மிகச் சிலவே. அவையும் பிரதான வீதிகளை ஒட்டிய ஊர்களில்தான். ஒரு பிள்ளை எந்தத் துறையைப் படிக்கிறது என்பதைப் பல சமயம் ஆர்வத்தைவிட வீட்டுக்கும் வீதிக்கும் இடையிலான தூரம் தீர்மானிக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இல் தொடங்கியபோது, அதன் மதிலுக்கு அயலிலுள்ள கிராமங்களின் பாடசாலைகளில் எத்தனை இணைந்த கணிதம் கற்பித்தன என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

போர்க்காலம் இந்தச் செலவுகளை அழிக்கவில்லை. அவற்றின் வடிவத்தை மாற்றியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, மின்சாரம் இல்லை, எரிபொருளும் பற்றரிகளும் உள்ளிட்ட பொருட்கள் மீது அரசு பொருளாதாரத் தடை விதித்திருந்தது. ஆசிரியரின் சம்பளத்தை அரசே தொடர்ந்து வழங்கியது, பரீட்சைகளைப் பரீட்சைத் திணைக்களமே நடத்தியது, பாடநூல்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பிந்தியேனும் வந்தன. ஆனால் இரவில் படிப்பதற்கான வெளிச்சம் எவருடைய வரவு செலவுத் திட்டத்திலும் இருக்கவில்லை. அதற்கு வன்னியும் குடாநாடும் கண்ட விடையே ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அமர்த்தி, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, வளைத்த கம்பியொன்றில் திரியைக் கோத்து உள்ளே நிறுத்துவர். போத்தலின் சுவரே காற்றைத் தடுக்கும் சிமினியாக நிற்கும். சுடர் சிறிது, புகை அதிகம், ஆனால் எண்ணெய் மிகக் குறைவாகவே எரியும். மண்ணெண்ணெய் பன்மடங்கு விலைக்கு விற்ற அந்நாட்களில், ஒரு வீட்டில் சாதாரணதரம் எடுக்கும் பிள்ளை இருப்பதென்பது சமையலுக்கும் இறைப்புக்கும் ஒதுக்கிய எண்ணெயில் ஒரு பங்கை அப்போத்தலுக்குள் ஊற்றுவதாகவே இருந்தது.

மற்றொரு மாற்றம் ஆசிரியர் பற்றியது. குடாநாட்டைச் சேர்ந்த ஆசிரியர்கள் வன்னிக்கு வந்து பணிபுரிவது எப்போதும் தயக்கத்துக்குரியதாகவே இருந்தது; போரில் அது இன்னும் அரிதாயிற்று. அந்த வெற்றிடத்தை உயர்தரம் படித்து முடித்த ஊர் இளைஞரும் யுவதிகளும் தொண்டர் ஆசிரியர்களாக நிரப்பினர். நிரந்தர நியமனமில்லாத இவர்களுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பெற்றோரும் உதவி நிறுவனங்களும் திரட்டிக் கொடுத்த சிறுதொகையே ஊதியம். இரு விதமான செலவு இங்கு மறைந்துள்ளது: பெற்றோர் மாதாமாதம் கொடுத்தது ஒன்று, வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் சொற்பக் கொடுப்பனவுக்குக் கொடுத்த தொண்டர் ஆசிரியரின் இழப்பு மற்றொன்று. போர் முடிந்தபின் நிரந்தர நியமனம் கோரி அவர்கள் வடக்கின் வீதிகளில் அமர்ந்தபோது, அவர்கள் வேலை கேட்பதாகவே செய்திகள் எழுதின. பழைய கடனொன்றை அவர்கள் நினைவூட்டினர் என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

1995இன் இறுதியில் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த மக்களில் பெருந்தொகையினர் வன்னிக்குள் வந்தனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினரிடம் வீழ்ந்தபோது நகரப் பாடசாலைகளும் மல்லாவி, அக்கராயன், ஸ்கந்தபுரம் எனப் பெயர்ந்தன. 1997 மே மாதத்தில் தொடங்கிய ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை வவுனியா வடக்கை வெறுமையாக்கியது. ஒரே கொட்டகையில் காலையில் ஊர்ப் பாடசாலையும் மாலையில் இடம்பெயர்ந்த பாடசாலையும் நடந்தன. கொட்டகைக்குக் கிடுகும் கம்பும் கொடுத்தவர்கள் பெற்றோர். பதுங்குகுழி வெட்டியவர்களும் அவர்களே. வவுனியாவுக்குள் தப்பி வந்தவர்கள் பூந்தோட்டம் போன்ற நலன்புரி நிலையங்களில் பாஸ் நடைமுறையின்கீழ் வாழ்ந்தனர். முகாமிலிருந்து நகரத்துக்குப் போய் வருவதற்கே அனுமதி தேவைப்பட்ட மாணவருக்குத் தனியார் கல்வி நிலையம் என்பது காசுக்கு அப்பாலும் எட்டாதது. போரின் கடைசி ஆண்டுகளில் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு இடைநிலை வகுப்பு வயதினரையே நேரடியாகத் தொட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் ஒளித்துவைத்த வீடுகளும், ஆட்சேர்ப்பிலிருந்து தப்புவிக்க இளவயதிலேயே மணம்முடித்துவைத்த வீடுகளும் இருந்தன. இதைச் செலவு என்ற சொல்லுக்குள் அடக்குவது பொருந்தாது. ஆனால் அக்காலத்தில் எத்தனை பேர் படிப்பை விட்டனர் என்பதற்கான காரணங்களில் இதை விட்டுவிட்டு எழுதுவதும் பொருந்தாது.

2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அவ்வாண்டு ஓகஸ்டில் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை எழுதினர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறிய வீட்டுக்குக் கொப்பியும் இல்லை, பெட்டகமும் இல்லை, பெட்டகத்தில் இருந்த சான்றிதழும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டியிருந்த ஒரு சமூகத்தில் கல்விச் செலவு மட்டும் தனித்து நிற்கவில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டபோது, அத்தொகைக்குள் கூரை வரை கட்டி முடிக்க இயலாத பல குடும்பங்கள் கடன் பட்டன. நுண்நிதி நிறுவனங்கள் கிராமம் கிராமமாகப் பெண்களைக் குழுக்களாக்கிக் கடன் கொடுத்தன. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வந்தது அந்தக் கடன் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது என்பதற்குச் சான்று. கணவனை இழந்தோ காணாமற்போகக் கொடுத்தோ குடும்பத்துக்குத் தலைமை தாங்கும் பெண்கள் நிறைந்த இம்மாவட்டங்களில், வாரத் தவணை கட்டும் நாளும் ரியூசன் காசு கொடுக்கும் நாளும் ஒன்றோடொன்று மோதுவது வழமையாயிற்று.

இந்த மோதலுக்கு ஒரு பருவக் காரணமும் உண்டு. இலங்கையின் கல்வியாண்டு மரபுப்படி ஜனவரியில் தொடங்குவது. புதிய கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, பாடசாலை கேட்கும் வசதிக் கட்டணம் எல்லாம் அம்மாதத்திலேயே வரும். வன்னியின் பிரதான போகமாகிய காலபோகத்தில் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த நெல் மாசி, பங்குனியில்தான் வீடு சேரும்; ஜனவரியில் அது இன்னும் வயலில் நிற்கிறது, பசளைக்கும் களைநாசினிக்கும் பட்ட கடன் கழுத்தில் நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையில் அது வாடைக்காலம். கடல் கொந்தளிப்பதால் கரைவலை இழுப்பில்லை, தொழிலில்லை. உழவருக்கும் மீனவருக்கும் கை வறண்டிருக்கும் அதே மாதத்தைத்தான் கல்வி நாட்காட்டி தன் தொடக்கமாகக் கொண்டுள்ளது. தாலிக்கொடியும் தோடும் ஜனவரியில் அடைவு கடைக்குப் போய் அறுவடைக்குப் பின் திரும்பி வருவதும், சில வேளை திரும்பாமலே போவதும் இதனால்தான். கொழும்பில் மாதச் சம்பளக்காரர் வகுத்த நாட்காட்டிக்கு இது தெரிய நியாயமில்லை.

இச்செலவுகள் ஏன் இவ்வளவு காலம் எவர் கண்ணிலும் படவில்லை என்பதற்கு மிக எளிய விடையொன்று உண்டு: அவற்றை எவரும் எண்ணவில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு அலகு வருமான செலவின ஆய்வுகள் போர்க் காலம் முழுவதும் வடக்கைத் தவிர்த்தே நடந்தன. 2009/10 ஆய்விலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இடம்பெறவில்லை. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய ஆய்வு 2012/13இல்தான் வந்தது. பாடசாலை வயதுப் பிள்ளைகளுள்ள வீடுகளில் ரியூசனுக்குச் செலவிடுவோர் 1995/96இல் ஏறத்தாழ 23 வீதமாக இருந்து 2006/07இல் ஏறத்தாழ 64 வீதமாகினர் என்று இலங்கைக் கல்வி ஆய்வாளர் எடுத்துக்காட்டும் புகழ்பெற்ற ஒப்பீட்டில் வன்னி இரு முனையிலும் இல்லை. எண்ணத் தொடங்கியபோது கிடைத்த படம் கசப்பானது. 2012/13இல் நாட்டின் வறுமை வீதம் 6.7 ஆக இருக்க முல்லைத்தீவில் அது 28.8, 2016இல் நாட்டில் 4.1, கிளிநொச்சியில் 18.2, வறுமைக் கோட்டைத் திருத்திக் கணித்த 2019இல் நாட்டில் 14.3, முல்லைத்தீவில் 44.5. வவுனியாவின் எண் 2016இல் 2.0 மட்டுமே என்பதையும் கருத வேண்டும். வன்னி என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு இடைவெளி இருக்கிறது; வவுனியா நகரத்தின் வங்கிகளும் கடைகளும் அரச அலுவலகங்களும் ஒட்டுசுட்டானின் காட்டுக் கிராமத்தை அந்தச் சராசரியில் மறைத்துவிடவில்லை என்பது, அக்கிராமம் வேறொரு மாவட்டத்தில் இருக்கும் தற்செயலால்தான்.

போருக்குப் பிந்திய வன்னியில் ஆசிரியர் பற்றாக்குறை நீங்கியதாகக் கோப்புகள் காட்டும் பாடசாலைகளிலும் வேறொரு பற்றாக்குறை நிலவுகிறது. கஷ்டப் பிரதேச சேவையாக வன்னிக்கு அனுப்பப்படும் ஆசிரியர்களில் பலர் குடாநாட்டிலிருந்து நாள்தோறும் ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்து, பாடசாலை முடிந்த கையோடு திரும்புபவர்கள். அவர்களையும் முற்றாகக் குறைசொல்ல முடியாது. தங்குமிடமில்லாத ஊரில் எவர்தான் தங்குவர். ஆனால் மேலதிக வகுப்புக்கான நேரம் அந்த பஸ்ஸுடனேயே போய்விடுகிறது. அவ்வெற்றிடத்தில்தான் சந்திக்குச் சந்தி தனியார் கல்வி நிலையங்கள் முளைத்தன. பாடசாலைக்குள் கட்டணமில்லை, ரியூசனில் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். 1945இல் மூடப்பட்ட கணக்கு வேறு கட்டடத்தில் திறக்கப்பட்டது. மாதிரி வினாத்தாள், போட்டோகொப்பி, கருத்தரங்கு என அதன் உபசெலவுகளும் சேர்ந்து வளர்ந்தன. பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து அனுப்பும் பணம் சில பாடசாலைகளில் இச்சுமையைக் குறைக்கிறது. ஆனால் புலம்பெயர்ந்த பழைய மாணவர் மிகுந்தவை பெயர்பெற்ற பாடசாலைகளே, ஜெயபுரத்துக்கும் மலையாளபுரத்துக்கும் அத்தகைய சங்கம் எளிதில் வாய்ப்பதில்லை.

தூரத்துக்கு மருந்து தேடிய நாடுகள் சைக்கிளை நாடியுள்ளன. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கியபின் அவர்களது சேர்வு கணிசமாக உயர்ந்ததையும், பாடசாலை தூரமாக உள்ள கிராமங்களிலேயே அப்பயன் மிகுந்ததையும் ஆய்வாளர் கண்டனர். தமிழ்நாட்டிலும் மேல்நிலை மாணவருக்கு விலையில்லாச் சைக்கிள் நெடுநாள் திட்டம். வன்னியில் மீள்குடியேற்ற காலத்தில் உதவி நிறுவனங்கள் பல மாணவருக்குச் சைக்கிள் கொடுத்தன. டயரும் டியூப்பும் தேய்ந்தபின் அவற்றை மாற்றுவது வீட்டின் பொறுப்பாயிற்று, கிரவல் வீதி அவற்றைச் சீக்கிரமே தேய்த்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் வகுப்பு கைத்தொலைபேசிக்குள் புகுந்தபோது, சைக்கிளின் இடத்தில் திறன்பேசியும் டேட்டாவும் வந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசிக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட நாட்டில், வன்னியின் கடைகளில் கொப்பி விலை என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசின் கைம்மாறு பெரும்பாலும் பொருள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதை வழங்குவதாகவே இருந்துவந்திருக்கிறது: 1980இல் பாடநூல், 1993இல் சீருடைத் துணி, இவற்றோடு மதிய உணவு, மாணவர் பஸ் சேவை, சப்பாத்துக்கான வவுச்சர். 2025ஆம் கல்வியாண்டுக்கென அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி பெறும் குடும்பங்களின் மாணவருக்கும் சிறிய பாடசாலைகளின் மாணவருக்கும் கற்றல் உபகரணங்களுக்காக 6,000 ரூபா வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது; பொருளுக்குப் பதிலாகப் பணத்தையே கொடுத்த அம்முடிவு முன்னையவற்றினும் புத்திசாலித்தனமானது, ஏனெனில் எந்தச் செலவு முதலில் நெருக்குகிறது என்பதை வீடே அறியும். கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 1998 முதல் 14 ஆகவும், 2016இல் 16 ஆகவும் உயர்ந்தது. சாதாரணதரப் பரீட்சை முடிந்து, அயலூர் 1ஏபி பாடசாலைக்கான பஸ்ஸும் நான்கு பாட ரியூசனும் கூலிவேலைக்கான அழைப்பும் ஒருங்கே வீட்டு வாசலுக்கு வருவது அந்த வயதெல்லைக்கு மறுநாளில்தான். அதற்குமேல் வகுப்பில் இல்லாத பிள்ளையின் பெயரைப் பாடசாலை வரவுக் குழுவோ வலயக் கல்வி அலுவலகமோ தேட வேண்டிய கடப்பாடு இல்லை.